தை மாசி வாடைக்காத்து: செடி, கோழி, நாய், பூனை, எதுக்கு எங்கே மறைப்பு?

சீவலப்பேரிரோடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வீடு பாளையங்கோட்டையில இருந்து சீவலப்பேரி போற பக்கம். கிழக்கேயும் வடக்கேயும் வெறும் கரிசல் வெளி, மறைக்க ஒரு மரம் கிடையாது. தை பொறந்ததுல இருந்து காலையில 9 மணிக்கு எழும்புற காத்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் ஓயல. ராத்திரி ஓய்ஞ்சதும் பனி இறங்குது. நிலவரத்தைச் சொல்லுதேன், தெரிஞ்சவங்க வழி சொல்லணும்.

தட்டட்டியில (மொட்டை மாடி) 40 பை இருக்கு. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை. கைப்பிடிச் சுவர் 3 அடி. பிவிசி குழாய் நட்டு மேலே பந்தல் மாதிரி 50 சதவீதப் பச்சை வலை கட்டினது ரெண்டு தடவை கிழிஞ்சு குழாயும் ஒடிஞ்சிட்டு. தண்ணி ஊத்தி மூணு மணி நேரத்துல மேல் மண்ணு வெளுத்துப் போகுது. மிளகாய் இலை சுருளுது, வெண்டை இலையில சாம்பல் தூவின மாதிரி இருக்கு.

பொறவாசல்ல ரெண்டு வயசு முருங்கை (இப்ப பூவெடுத்திருக்கு), ரெண்டு பப்பாளி, குலை தள்ளின ரசகதலி அஞ்சு, ஒரு பிச்சிக்கொடி.

நாட்டுக்கோழி 14, பத்து நாள் குஞ்சு 20. கூடு தகரக் கூரை, நாலு பக்கமும் கம்பிவலை. குளிரும்னு நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி விட்டிருக்கு. காலையில திறந்தா மூக்கைக் கரிக்குது, ரெண்டு கோழி தும்முது. ஆடு ரெண்டு, பக்கத்துலயே தொழுவுல.

சிப்பிப்பாறை நாய் ஒண்ணு, மூணு வயசு. ராத்திரி சிமெண்டுத் தரையில சுருண்டு கிடக்கும். முழங்கையில முடி கொட்டித் தோல் தடிச்சிருக்கு, காதுக்குள்ள உண்ணியும் இருக்கு. பூனைக்கு ஒரு கண்ணு சிவந்து நீர் வடியுது.

எதை முதல்ல சரி பண்ணணும்? எந்தப் பக்கம் அடைக்கணும், எந்தப் பக்கம் திறக்கணும்?

---

தட்டட்டித்தோட்டம்:

அண்ணாச்சி, இன்னிக்கே செய்ய வேண்டியது கோழிக்கூட்டுத் தார்ப்பாயை அவிழ்க்கிறதுதான். அதைப் பத்தி விவரமா இங்க எழுதக்கூடிய ஆள் இருக்காங்க, நான் தட்டட்டிக்குப் போறேன்.

வலை கிழிஞ்சதுக்கு வலையைக் குத்தம் சொல்ல முடியாது, அதைக் கட்டின விதம்தான் காரணம். மேலே படுக்கையா விரிச்ச வலைக்கு அடியில காத்து புகுந்தா அது பாய்மரம் மாதிரி தூக்கும். காத்தோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா அது தள்ளுற பலம் நாலு மடங்கு ஆகும். வெயில்ல காய்ஞ்சு நொய்ஞ்சு போன பிவிசி குழாய் அதைத் தாங்காது. மேல் வலையை இப்ப கழட்டிடுங்க. தை, மாசி வெயில் தக்காளிக்கும் கத்தரிக்கும் நல்ல வெயில், நிழல் தேவையில்ல. அதே வலையை வடக்கும் கிழக்குமா நிறுத்திக் கட்டுங்க.

காத்தை அடைக்க நினைக்கக் கூடாது, சல்லடையில மாவு அரிக்கிற மாதிரி அரிச்சு விடணும். தகரமோ பிளக்ஸோ வச்சு முழுசா அடைச்சா, காத்து மேலே ஏறித் தாண்டி அந்தப் பக்கம் சுழிச்சு விழும். உங்க கைப்பிடிச் சுவரே அப்படித்தான் செய்யுது. சுவரை ஒட்டி இருக்கிற பை தப்பிக்கும், நடுத் தளத்துல இருக்கிற செடி சுழல்ல மாட்டும். பாதி ஓட்டையும் பாதி மறைப்புமா இருக்கிற வலையில நுழையுற காத்து வேகம் குறைஞ்சு வரும், சுழிக்காது. 50 சதவீத வலை இதுக்குச் சரியான வலை. 75, 90 வாங்கிராதீங்க.

அளவு சொல்லுதேன். ஒரு அங்குல ஜிஐ குழாய், 6 அடிக்கு ஒண்ணு. தளத்துல ஓட்டை போட்டு நடாதீங்க, ஐப்பசி மழையில தளம் ஒழுகும். கைப்பிடிச் சுவரோட உள்பக்கம் ஒவ்வொரு குழாய்க்கும் ரெண்டு கிளாம்பு, ஒண்ணு சுவரோட அடியில, ஒண்ணு மேல் விளிம்புக்கு அரை அடி கீழே. குழாய் சுவருக்கு மேல ரெண்டரை அடி நின்னா போதும். அதுக்கு மேல போனா கிளாம்பு இருக்கிற இடத்துல சுவர் விரியும். குழாய்க்குக் குழாய் மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, 10 கேஜ் ஜிஐ. வலையோட ஓரத்தை 3 அங்குலம் மடிச்சு உள்ளே ஒரு நைலான் கயித்தைக் கொடுத்து நரம்பு நூலால தைச்சிடுங்க. வலையோட கண்ணுல நேரா கட்டினா அந்தக் கண்ணுல இருந்துதான் கிழியத் தொடங்கும். மேல் ஓரத்தைக் கம்பியோட அடிக்கு ஒரு கட்டு இறுக்கிக் கட்டணும். கீழ் ஓரத்தைச் சணல் கயிறால கட்டுங்க. பெருங்காத்து வந்தா சணல் அறுந்து வலை விசிறிக்கிடும், வலையும் குழாயும் தப்பிக்கும். மறுநாள் சணலை மாத்திக்கிடலாம்.

சுவரும் வலையுமா அஞ்சரை அடி உயரம் வரும். அந்த உயரத்தைப் போல அஞ்சு மடங்கு தூரம் நல்லா அடங்கும், எட்டு பத்து மடங்கு வரைக்கும் ஓரளவு தணியும். பையெல்லாம் அந்தத் தூரத்துக்குள்ள வச்சிக்கிடுங்க. ஒண்ணோட ஒண்ணு உரசுற மாதிரி நாலு நாலா சேர்த்து வைங்க. பையோட பக்கவாட்டுல காத்து பட்டாலும் மண்ணு காயும், இது பலருக்குத் தோணுறதில்ல.

தண்ணியைக் காலையில 8 மணிக்குள்ள, அடியில சொட்டு வர்ற வரைக்கும் ஊத்தணும். மத்தியானம் இலை துவண்டா உடனே குடத்தைத் தூக்காதீங்க. விரலை ரெண்டு கணு மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. உள்ளே ஈரம் இருந்தா, வேர் குடிக்கிறதை விட இலை வேகமா இழக்குதுன்னு அர்த்தம், பொழுது சாய்ஞ்சதும் தானா நிமிர்ந்திடும். ஈரத்துல மேல மேல ஊத்தினா வேர் அழுகும். உள்ளேயும் காய்ஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க.

மேல் மண்ணு வெளுக்குதுன்னு எழுதியிருக்கீங்க. காய்ஞ்ச வெளுப்பா, உப்பா? நக்கிப் பார்க்க வேண்டாம், பையோட விளிம்புல வெள்ளைப் பொறுக்கு கட்டியிருந்தா அது போர்த் தண்ணி உப்பு. காத்து தண்ணியை இழுத்துட்டுப் போகும், உப்பை விட்டுட்டுப் போகும். இலை நுனி கருகுறதுக்கு இதுவும் காரணம். மாசம் ஒரு தடவை, பையோட கொள்ளளவைப் போல ரெண்டு மடங்கு தண்ணியை மெதுவா ஊத்தி உப்பை அடி வழியா கழுவி விடுங்க. மறுநாள் கொஞ்சம் மண்புழு உரம் போடணும், சத்தும் சேர்ந்து போயிருக்கும்.

மூடாக்கு இல்லாம இந்த ரெண்டு மாசத்தைத் தாண்ட முடியாது. பிசான நெல் அறுப்பு முடியுற நேரம், வைக்கோல் கிடைக்கும். ஆனா தட்டட்டியில வைக்கோல் பறந்திடும். அதனால பைகளுக்குத் தேங்காய் மட்டை. கையகலத் துண்டா வெட்டி, குழிவு கீழேயும் முதுகு மேலேயுமா கவிழ்த்துப் போடுங்க. மல்லாத்திப் போட்டா தண்ணி நின்னு கொசு வரும். தண்டை ஒட்டி ரெண்டு விரக்கடை இடம் விடணும். பூனை பையில தோண்டி மூடுறதையும் மட்டை தடுக்கும்.

மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருளுதுன்னு பாருங்க. ஓரம் மேல் பார்த்துப் படகு மாதிரி மடங்கினா இலைப்பேன். கீழ் பார்த்துக் கவிழ்ந்து காம்பு நீண்டா சிலந்திப்பேன். முன்னதுக்கு வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கரைய கொஞ்சம் காதி சோப்பு, இலையோட அடியில படுற மாதிரி. பின்னதுக்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடிச்சா ரெண்டு வாரம் கந்தகம் அடிக்கக் கூடாது, இலை பொசுங்கும். வெண்டையில இருக்கிறது சாம்பல் நோய். ராத்திரிப் பனியும் பகல் வறட்சியும் சேர்ந்தா வரும். ரொம்பப் பிடிச்ச இலையைக் கிள்ளிட்டு, ஒரு பங்கு பாலுக்கு ஒம்பது பங்கு தண்ணி கலந்து வாரம் ஒரு தடவை வெயில் படும்போது அடிங்க. பனி உலர்ந்ததுக்கும் காத்து எழும்புறதுக்கும் நடுவுல அரை மணி நேரம் கிடைக்கும், அதைப் பிடிச்சுக்கிடணும். வேப்பெண்ணெய்னா பொழுது சாய்ஞ்சு காத்து ஓய்ஞ்ச பொறவு. காத்து இருக்கும்போது எது அடிச்சாலும் பாதி கோழித் தண்ணியிலதான் விழும்.

---

பஞ்சாரம்:

தம்பி, தார்ப்பாயை இன்னும் அவிழ்க்கலைன்னா அவிழ்த்துட்டு வந்து மீதியைப் படிங்க.

மூக்கைக் கரிக்கிறது எச்சத்துல இருந்து வர்ற அமோனியா. நின்னுக்கிட்டு இருக்கிற நம்ம மூக்குக்கே எட்டுதுன்னா, தரையோட இருக்கிற கோழிக்கு எப்படி இருக்கும்? மூச்சுக்குழலைப் புண்ணாக்கிடும், அந்தப் புண்ணுல சளி நோய் ஏறும். கோழிக்குக் குளிர் பெருசில்ல, இறகு இருக்கு. அதைப் படுத்துறது ஈரமும், நேரா மேல அடிக்கிற காத்தும், இந்த வாசமும்தான்.

வடக்கும் கிழக்கும் மட்டும் மறைங்க. சாக்கைத் தைச்சுத் திரை மாதிரி ஆக்கி, அடி ஓரத்தைத் தரையோட நிலையாக் கட்டிட்டு மேல் ஓரத்தைக் கயித்தால ஏத்தி இறக்குற மாதிரி வைங்க. ஏத்தி முடிச்சாலும் கூரைக்கும் சாக்குக்கும் நடுவுல ஒரு அடி திறப்பு இருக்கணும். சூடும் ஈரமும் அமோனியாவும் அந்த வழியாத்தான் வெளியே போகும். மேலே இருந்து தொங்க விட்டா எல்லாம் தலைகீழாயிடும், மேலே அடைஞ்சு கீழே கோழி மேல காத்து அடிக்கும். தெற்கு முழுசும் திறந்தே இருக்கட்டும். மேற்குல நாய் நரி பயம் இருந்தா வலை போதும். கோழி ராத்திரி ஏறி அடையுற கம்பு திரையோட மேல் ஓரத்துக்கு ஒரு அடி கீழே இருக்கணும், இல்லைன்னா திறப்பு வழியா வர்ற காத்து நேரா முதுகுல படும்.

தகரக் கூரையில இன்னொரு தொல்லை உண்டு. விடியக்காலம் தகரத்தோட அடியில வேர்த்துச் சொட்டும், உமி நனையும். தகரத்துக்குக் கீழே அரை அடி விட்டு ஒரு பனையோலைத் தட்டி கட்டுங்க, மத்தியான வெக்கைக்கும் ஆகும். தரையில நெல் உமி 3 அங்குலம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளறி விடணும், நனைஞ்சு கட்டியானதை அள்ளி வெளியே போட்டுப் புது உமி சேர்க்கணும். கையில பிடிச்சா உதிரணும், உருண்டை பிடிச்சா ஈரம் கூட. வாசத்துக்குச் சுண்ணாம்பு தூவச் சொல்லுவாங்க. கோழி உள்ளே இருக்கும்போது ஈர உமியில சுண்ணாம்பு போட்டா அமோனியா இன்னும் கிளம்பும், செய்யாதீங்க.

தும்முற ரெண்டையும் தனியாப் பஞ்சாரத்துல போட்டு, தண்ணிக் கிண்ணமும் தனியா. மூணு நாள் பாருங்க. வாசம் மட்டும் காரணம்னா குறைஞ்சிடும். முகம் வீங்கி, கண்ணுல நுரை வந்து, மூக்குல நாத்தமடிக்கிற சளி வந்தா கோரைசாங்கிற சளி நோய், மருத்துவர் பார்த்துத்தான் மருந்து. பச்சையும் வெள்ளையுமாக் கழிச்சு, கழுத்து முறுக்கினா வெள்ளைக்கழிச்சல், அதுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான். பிப்ரவரியில கால்நடைத் துறை இந்தக் கோழிக்கழிச்சலுக்குத் தடுப்பூசி இருவார முகாம் நடத்துறது வழக்கம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துல தேதி கேட்டு வச்சிக்கிடுங்க. எட்டு வாரத்துக்கு மேல ஆன கோழிக்கு இறக்கைத் தோலுக்கு அடியில அரை மில்லி. மருந்து ஐஸ்ல வரணும், கலக்கின பொறவு ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். தும்முற கோழிக்கு இப்ப போடாதீங்க, தேறட்டும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணுல ஒரு சொட்டு லசோட்டா (அதே கழிச்சலுக்குக் குஞ்சுக்குப் போடுற தடுப்பு மருந்து) போட்டிருக்கணும். விட்டுப் போயிருந்தா இப்பவே போடுங்க, இருபத்தெட்டாம் நாள் இன்னொண்ணு. கொண்டையில மரு மாதிரி கிளம்புற அம்மையும் இந்தப் பருவத்து நோய்தான், கொசு பரப்பும். சுத்துவட்டத்துல தண்ணி தேங்க விடாதீங்க.

பத்து நாள் குஞ்சுக்கு ராத்திரி விளக்கு கட்டாயம் வேணும். குஞ்சுக்கு 2 வாட் கணக்கு, 20 குஞ்சுக்கு 40 வாட் குண்டு பல்பு ஒண்ணு. எல்இடி சூடு தராது. முதல் வாரம் 95 பாரன்ஹீட், வாரத்துக்கு 5 பாகை குறைக்கணும், அதனால உங்களுக்கு இப்ப 90. வெப்பமானி இல்லைன்னாலும் குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில குமிஞ்சு கத்தினா குளிர், பல்பை இறக்குங்க. விளிம்புக்கு ஒதுங்கி வாயைத் திறந்தா சூடு, ஏத்துங்க. எல்லாம் ஒரே பக்கமா ஒதுங்கினா எதிர்ப்பக்கம் இருந்து காத்து நுழையுது, அந்த ஓட்டையைத் தேடி அடைங்க. சுத்தி ஒண்ணரை அடி உயரத்துக்கு அட்டையை வட்டமா நிறுத்தினா போதும். மூலை இருக்கிற பெட்டி வேண்டாம், மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூச்சு முட்டிச் சாகும்.

ஆட்டுக்கும் அதே வாடைப்பக்க மறைப்புதான், 3 அடி உயரத் தட்டி. படுத்திருக்கிற ஆட்டோட முதுகு மறைஞ்சாப் போதும். காலையில பனிப்புல்லுல விடாதீங்க. குடல்புழுவோட குஞ்சு ஈரமான புல்லு நுனிக்கு ஏறி நிக்கிற நேரம் அது. வெயில் ஏறிப் பனி உலர்ந்து, ஒம்பது மணிக்கு மேல அவிழ்த்து விடலாம். வளவுல அரளி இருந்தா இப்ப ரொம்பக் கவனம் வேணும். காத்துல காய்ஞ்ச அரளி இலை தீவனத் தொட்டியில வந்து விழும். அரளி காய்ஞ்சாலும் விஷம் போகாது, கைப்பிடி அளவு ஆட்டைக் கொல்லும். தொட்டியை மூடி வச்சு, போடுற நேரம் உதறிப் போடுங்க.

---

வாலாட்டி:

நாய், பூனை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சிப்பிப்பாறைக்கு உடம்பில் கொழுப்பும் குறைவு, முடியும் குட்டை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தத் தரையில்தான் அது படுக்கிறது. முழங்கையில் தோல் தடித்தது எலும்பு நேராகச் சிமெண்டில் உரசுவதால். மருந்து தடவினால் போகாது, படுக்கையை மாற்ற வேண்டும். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஒரு சின்னக் கயிற்றுக் கட்டில் போடுங்கள், அதன் மேல் இரண்டாக மடித்த கோணிச்சாக்கு. வாரம் ஒரு முறை சாக்கைக் கொதிநீரில் முக்கி வெயிலில் காயப் போடுங்கள். தார்சாவில் (தாழ்வாரம்) தெற்குப் பார்த்த மூலையில் கட்டிலை வைத்தால் வாடை படாது. தடித்த தோல் வெடித்து நீர் கசிந்தால் மருத்துவரிடம் காட்டவும்.

உண்ணியில் நாயின் மேல் இருப்பது சிறு பங்கு. மீதி சுவர் வெடிப்பிலும் கட்டில் கயிற்று முடிச்சிலும் இருக்கும். நாயை மட்டும் சுத்தம் செய்தால் பத்து நாளில் திரும்ப ஏறும். காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் தினமும் பாருங்கள். முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். திருகக் கூடாது, நசுக்கவும் கூடாது. எடுத்ததைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் நுரையீரல் கெடும். உண்ணி மருந்து நாயின் எடைக்கு ஏற்றபடிதான் கொடுக்க வேண்டும், எடை பார்த்துவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுத்தல், மூக்கில் ரத்தம் இதில் எது கண்டாலும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்யாமல் நாளைக் கடத்தக் கூடாது. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கு எட்டுகிற தூரம்தான்.

பூனையும் அதே வீட்டில் இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாய்க்கான உண்ணி மருந்துகளிலும் தெளிப்பு மருந்துகளிலும் பெர்மெத்ரின் இருப்பது உண்டு. பூனையின் ஈரலால் அதைச் சிதைக்க முடியாது. பூனைக்குத் தடவினாலோ, மருந்து பூசிய நாயைப் பூனை நக்கினாலோ நடுக்கமும் வலிப்பும் வந்து இறந்துபோகும். அட்டையைப் படித்து, அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள். அதேபோல் பூனைக்குச் சூடாக இருக்கிறது என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், அரை மாத்திரையே உயிரைப் பறிக்கும்.

பூனையின் கண்: ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் தூசியோ கீறலோ. 200 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து, தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு உப்பைக் கரைத்து ஆற வையுங்கள். பஞ்சில் நனைத்து மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு. கண்ணைத் திறக்காமல் இடுக்கினாலும், கருவிழி மங்கலாகத் தெரிந்தாலும், இரண்டு நாளில் குறையாவிட்டாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களின் கண் சொட்டு மருந்தை விடவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால், கருவிழியில் புண் இருக்கும் பட்சத்தில் கண்ணே போகும்.

கரிசல் வெளியில் நாயை ஓடவிடுகிறீர்கள் என்றால், இந்த மாதங்களில் காய்ந்த ஊசிப்புல் விதை காதிலும் விரலிடுக்கிலும் ஏறும். அது ஒரு பக்கமாக மட்டுமே நகரும் அமைப்புள்ளது, உள்ளே போகுமே தவிரத் திரும்பி வராது. ஓடிவிட்டு வந்ததும் நாய் தலையை ஒரு பக்கம் சாய்த்து உதறினால் காதுக்குள் விதை இருக்கிறது. குச்சியோ பஞ்சோ விட்டுக் குடையாமல் மருத்துவரிடம் எடுக்கச் சொல்லுங்கள். கால் விரல்களை மட்டும் வீட்டிலேயே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம், நெருஞ்சி முள்ளும் அங்கேதான் இருக்கும்.

தோட்டத்துக்கு உரம் வாங்கும்போது ஆமணக்குப் புண்ணாக்கு வேண்டாம். நாய்க்கு அந்த வாசம் பிடிக்கும், தோண்டித் தின்னும். அதில் உள்ள நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. வேப்பம் புண்ணாக்கை வாங்குங்கள், கசப்புக்கு எதுவும் வாய் வைக்காது.

வீட்டுக் கதவுகளுக்குக் கொக்கி போட்டுவிடுங்கள். வாடைக்காற்றில் படாரென்று சாத்தும் கதவில் பூனையின் வால் மாட்டினால் எலும்பு நொறுங்கிவிடும்.

---

களக்காட்டுவாழை:

பொறவாசல் மரங்களுக்கு யாரும் பதில் சொல்லலை, நான் சொல்லுதேன்.

ரசகதலி குலை தள்ளியாச்சுன்னா முட்டு கொடுக்காம விடக்கூடாது. ரெண்டு சவுக்குக் கம்பைக் கத்தரி மாதிரி குறுக்கே கட்டி, குலைக் காம்புக்குக் கீழே மரத்தோட கழுத்தைத் தாங்குற மாதிரி நிறுத்துங்க. குலை எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் கம்பு. எதிர்ப்பக்கம் முளை அடிச்சு ஒரு கயிறு. கயிறு மரத்துல படுற இடத்துல காய்ஞ்ச வாழை மட்டையைச் சுத்திட்டுக் கட்டணும், இல்லைன்னா அறுத்திடும். அடியில ஒரு அடி உயரத்துக்கு மண் அணைச்சு விடுங்க. இலை நார் நாராக் கிழியுறதைப் பார்த்துப் பதற வேண்டாம், அதனால குலை பெருசாக் குறையாது.

பப்பாளித் தண்டு உள்ளே பொந்து. காய் கூடினா தலை கனத்து, காத்துல ஒடியும். ஒரே கணுவுல நெருக்கி நிக்கிற பிஞ்சுல ஒண்ணை விட்டு மத்ததைக் கிள்ளுங்க. மூணு பக்கம் கம்பு நட்டு, பழைய வேட்டிக் கிழிசலை எட்டு மாதிரி முறுக்கித் தளர்வாக் கட்டுங்க. கட்டு மரத்தோட மூணுல ஒரு பங்கு உயரத்துல போதும். உச்சியில இறுக்கிக் கட்டினா கட்டுக்கு மேல முறியும். மரம் கொஞ்சம் ஆடணும், ஆடினாத்தான் அடித்தண்டு பருக்கும். பப்பாளி அடியில தண்ணி நிக்கக் கூடாது, சேத்துல நிக்கிற மரம் வேரோட சாயும்.

முருங்கை பூவெடுத்திருக்குன்னு சொல்லுதீங்க, அப்ப இப்ப மரத்தை வெட்டாதீங்க, வருஷத்துக் காயும் போயிடும். பூ இல்லாம நீளமாப் போன கிளைகளை மட்டும் மூணுல ஒரு பங்கு குறைச்சுக் கனத்தை இறக்குங்க. காய்ப்பு முடிஞ்ச பொறவு தரையில இருந்து 3 அடியில வெட்டி விட்டா அடுத்த வருஷம் மரம் தணிஞ்சு பக்கவாட்டுல படரும், காத்துக்கு நிக்கும். பூ உதிர்றதுக்குக் காத்தை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. திடீர்னு நிறைய தண்ணி விட்டாலும் உதிரும், அடியோட காய விட்டாலும் உதிரும். வாரத்துக்கு ஒரு தடவை அளவா விடுங்க.

பிச்சிக்குக் கவாத்துக் காலம் டிசம்பர் கடைசி வாரம். விட்டுப் போயிருந்தா இப்பவே முழங்கால் உயரத்துக்கு வெட்டிடலாம், பூ கொஞ்சம் பிந்தும். காய்ஞ்ச குச்சி எல்லாம் போகட்டும்.

வைக்கோல் மூடாக்கு தரையில இருக்கிற மரத்துக்கு நல்லது, ஆனா கறையான் வரும். தண்டுல இருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்க. கோழி கிளறாம இருக்க மேலே முருங்கைக் குச்சியைப் பரப்பி வைக்கலாம்.

பஞ்சாரம் அக்கா ஓலைத் தட்டி கட்டச் சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். கூட்டுல ஓலை, உமி, சாக்கு, குண்டு பல்பு எல்லாம் ஒண்ணா இருக்கு, காத்தும் இருக்கு. பல்புக்கு ஒரு தகர மூடி போட்டு, கம்பியால கட்டித் தொங்க விடுங்க. ஒயரைப் பிடிச்சுத் தொங்கவிடக் கூடாது. பல்புக்கும் உமிக்கும் ஒண்ணரை அடி இடைவெளி வேணும். சருகு கூட்டி எரிக்கிற வேலையை இந்த ரெண்டு மாசமும் அடியோட நிறுத்திடுங்க. சருகைக் குழியில போட்டு மக்க விடலாம்.

---

சீவலப்பேரிரோடு:

எல்லாருக்கும் நன்றி. தார்ப்பாயை அவிழ்த்தாச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். மேல் வலையைத் திரும்ப எப்ப கட்டணும்? ஆனி ஆடியில மேல்காத்து அடிக்கும்போது வடக்கும் கிழக்கும் கட்டின வலை அப்படியே இருக்கலாமா?

---

தட்டட்டித்தோட்டம்:

பங்குனி பாதியில கட்டினா சரியா இருக்கும், மத்தியானம் மூணு மணிக்குத் தக்காளிப் பூ கருகி உதிரத் தொடங்குறதுதான் அடையாளம். கட்டும்போது முழுத் தளத்துக்கும் ஒரே விரிப்பா வேண்டாம். 6 அடி அகலப் பட்டையா வெட்டி, பட்டைக்குப் பட்டை ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்க. அடியில புகுந்த காத்து அந்த இடுக்கு வழியா மேலே போயிடும், தூக்காது.

ஆடிக்கு வடக்கு, கிழக்கு வலையைக் கழட்டணும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற மேல்காத்து இந்த வாடையை விட ரொம்பப் பலம். கிழக்குல வலை நின்னா மேற்குல இருந்து வர்ற காத்து தளத்தைத் தாண்டி அந்த வலையில மோதும், சுவரோட கிளாம்பு பிடுங்கும். அதனால இப்பவே மேற்கும் தெற்கும் குழாய்க்குக் கிளாம்பு அடிச்சு வச்சிடுங்க. வைகாசி கடைசியில குழாயையும் வலையையும் அப்படியே உருவி அந்தப் பக்கம் மாத்திக்கிடலாம், புதுசா வாங்க வேண்டியதில்ல.

---

பஞ்சாரம்:

கோழிக்கூட்டுத் திரையும் அதே மாதிரிதான் தம்பி. மேற்குப் பக்கத்துக்கும் இப்பவே கொக்கி அடிச்சிடுங்க. தும்முற ரெண்டும் எப்படி இருக்குன்னு மூணாம் நாள் எழுதுங்க.